பழைய ரேசிங் சைக்கிளுக்குப் புதுச் சக்கரம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம், நினைவிருக்கும். கீழ்த்தளத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்களை உரியவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுக்காதவை பழைய இரும்புக்குப் போய்விடும் என்று. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் காலை சும்மா கீழே போய் எண்ணிப் பார்த்தேன். 31 சைக்கிள் இருந்தது. அதில் ஒன்று என்னுடையது.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த ரேசிங் சைக்கிள் அது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து, ஆக மொத்தம் பத்து கியர். கியர் மாற்றும் கை உடைந்து பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். அதற்கு உதிரி சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் நின்றது, நின்றதால் துருப் பிடித்தது. எடைக்குப் போட்டால் ஒரு வேளை டிபன் செலவுக்கு ஆகும், அவ்வளவுதான்.

அந்தச் சைக்கிளில்தான் இன்று காலை பேரூர் போய்விட்டு வந்தேன். இப்போது அதில் கியர் கிடையாது. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு ஃப்ரீவீல். புதிதாகக் கட்டிய இரண்டு சக்கரம். எப்படிச் செய்தேன், எங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம், எங்கே மிச்சப்படுத்தவே கூடாது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். இரண்டாவதை நான் கீழே விழுந்துதான் கற்றுக்கொண்டேன். நீங்கள் விழாமல் கற்றுக்கொள்ளலாம்.

கியர் இல்லாமல் ஓட்ட முடியுமா?

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நம் அப்பாக்கள் ஓட்டியது எல்லாமே ஒற்றை கியர் வண்டிதான். 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் வர ஆரம்பித்த காலத்திலிருந்து, பால் கேனும் நூல் மூட்டையும் வாழைத்தாரும் அந்த வண்டிகளில்தான் போயின. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் பார் வண்டியிலேயே ஏறிப் பழகினவர்களும் உண்டு. அதிலும் கியர் கிடையாது. அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா மிதிவண்டியும் அப்படித்தான்.

நமக்கு வடவள்ளியிலிருந்து காந்திபுரமோ பேரூரோ போவதற்குப் பெரிய மேடு கிடையாது. மருதமலை அடிவாரம் போனால் கொஞ்சம் மூச்சு வாங்கும். உண்மையான மேடு நமக்குக் காற்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் மேற்கே பார்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது தெரியும். அதற்கும் கணக்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இன்னொரு சௌகரியம், பழைய வண்டிகளில் பின் சக்கரம் உட்காரும் வெட்டு சாய்வாகவோ படுக்கையாகவோ இருக்கும். சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி செயினை இறுக்கலாம். ஒற்றை கியருக்கு இது அவசியம். இப்போது வரும் கியர் வண்டிகளில் அந்த வெட்டு பெரும்பாலும் நேர் செங்குத்தாக இருப்பதால் செயினை இறுக்கத் தனியாக ஒரு உருளை மாட்ட வேண்டும். ஆகவே பழைய வண்டிதான் இந்த வேலைக்கு லாயக்கு.

முதல் தடவை நான் செய்தது

ஃப்ரேமைக் கழுவித் துடைத்துப் பார்த்தேன். நல்ல ஸ்டீல், மேலாகத்தான் துரு. ஆகவே செலவை ஒரு ஃப்ரீவீல், ஒரு செயினோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய ஐந்து பல்லைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃப்ரீவீலைத் திருகினேன். ஆடிக்கொண்டிருந்த பழைய போக்ஸ் கம்பிகளை முறுக்கி விட்டேன். கோட்டம் ஓரளவு போய்விட்டது.

நமக்குப் பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கிற பெரியவரை உங்களுக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் சைக்கிள் வேலை செய்கிறவர். காற்றடிக்கப் போனபோது சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏந் தம்பி, கம்பி பூராத் துருவேறிக் கெடக்குது. இதையவே முறுக்கி ஓட்டுனா எத்தன நாளைக்குத் தாங்குமுங்க?”

“பாத்துக்கலாமுங்ண்ணா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிறுவாணி ரோட்டில் ஆலாந்துறை தாண்டி ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியபோது பின்னால் டப், டப் என்று இரண்டு சத்தம். செயின் பக்கத்துக் கம்பி இரண்டு அறுந்துவிட்டது. ரிம் அந்த இடத்தில் வளைந்து பிரேக் கட்டையில் போய் மாட்டிக்கொள்ள, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. நான் ரோட்டில் கிடந்தேன். முழங்கை முழுக்க சிராய்ப்பு. பின்னால் பஸ் எதுவும் வரவில்லை, அது என் நல்ல நேரம். ஒரு குட்டியானைக்காரர் சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்.

பெரியவர் வளைந்த ரிம்மைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “கம்பிக் காச மிச்சம் புடிச்சு மொழங்கைல குடுத்துட்டீங்களாட்ட இருக்குதுங்க” என்றார். அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அவர் சொல்லித் தந்ததும், படித்ததும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

சக்கரம் எப்படித் தாங்குகிறது?

சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. கம்பிகளை ஹப்பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி சாய்வாகப் பின்னும் முறைக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை வாங்கினார். இன்றுவரை நாம் கட்டுவது அதே பின்னல்தான். ஒவ்வொரு சுற்றிலும், தரையைத் தொடும் இடத்துக்கு வரும் கம்பியின் இழுவை குறைகிறது, மேலே போனதும் திரும்ப ஏறுகிறது. ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி இதை விளக்கியிருக்கிறார்.

இதில் நமக்கு என்ன? கம்பி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது முழுக்கத் தொய்ந்து மறுபடி இழுபடும். ஒரு இரும்புக் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவது போலத்தான். ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் அது அறும். துருவேறிய கம்பி இன்னும் சீக்கிரம் அறும். ஆகவே கம்பி புதிதாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். என் முதல் சக்கரத்தில் இந்த இரண்டுமே இல்லை.

எண்ணைப் படியுங்கள்

வேலையை டயரிலிருந்து ஆரம்பியுங்கள். டயரின் பக்கவாட்டில் 37-590, 32-630, 28-622 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். 28 அங்குலம், 27 அங்குலம் என்று கடையில் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். பழைய பெரிய ரோட்ஸ்டர் வண்டிக்கு 635. பழைய ரேசிங் வண்டிகள் பலவற்றில் 27 அங்குலம், அதாவது 630. இப்போதைய ரோடு பைக் 700சி, அதாவது 622. இதில் 622-ஐ விட 630 பெரியதா என்று கேட்டால், ஆமாம், வெறும் 8 மில்லிமீட்டர்தான் பெரியது. ஆனால் அந்த டயர் இந்த ரிம்மில் உட்காராது.

என் வண்டி 630. எனக்கு ரிம் எப்படியும் புதிது வேண்டும் என்று ஆகிவிட்டதால், டயர் விதவிதமாகக் கிடைக்கும் 622-க்கு மாறினேன். விட்டம் 8 மி.மீ. குறைந்தால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையில் கட்டை மாட்டும் நீள்துளையைப் பாருங்கள். அதில் இறக்க இடம் இருந்தால்தான் இந்த மாற்றம் சரிவரும். எனக்கு இருந்தது. உங்களுக்கு இல்லாவிட்டால் பழைய அளவிலேயே ரிம் தேடுங்கள். எதுவானாலும் முதலில் அந்த அளவில் டயர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ரிம் வாங்குங்கள்.

அடுத்து ஓட்டைகளை எண்ணுங்கள். பழைய ரோட்ஸ்டரில் முன்னால் 32, பின்னால் 40 ஓட்டை இருக்கும். ரேசிங் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டிலும் 36. ஹப்பில் எத்தனை ஓட்டையோ ரிம்மிலும் அத்தனை வேண்டும். ரிம் அலாயாகப் பாருங்கள். பளபளப்பு முலாம் பூசிய இரும்பு ரிம்மில் மழை நேரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலாய் ரிம்மில் அந்தக் கவலை குறைவு.

ஹப்பை வைத்துக்கொள்ளலாம்

பணம் மிச்சமாகும் முக்கியமான இடம் இதுதான். பழைய ஹப் நன்றாக இருந்தால் புதிது தேவையில்லை. பழைய ஐந்து கியர் ஹப்பில் பல் தொகுதி மரையில் திருகி மாட்டப்பட்டிருக்கும். அந்த மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. நம்மூர் ஒற்றை ஃப்ரீவீலும் அதே மரைதான். கழற்றி மாட்டினால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். பழைய பல் தொகுதியைக் கழற்றிய பிறகுதான் பழைய கம்பிகளை வெட்ட வேண்டும். கழற்றும் கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரிப் பிடித்து இடப்பக்கம் திருப்பினால்தான் அது அசையும். கம்பியை முதலில் வெட்டிவிட்டால் பிடித்துத் திருப்ப ரிம் இருக்காது. வெறும் ஹப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஹப்பைப் பிரித்து பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பால்ரஸ் குண்டுகளைப் புதிதாகப் போடுங்கள். கோனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். எல்லாம் சேர்த்தே சின்னச் செலவுதான்.

பிறகு ஆக்ஸிலில் இருக்கும் இடைவளையங்களைக் கவனியுங்கள். ஐந்து பல்லுக்கு இடம் விட வலப்பக்கம் கனமான வளையம் போட்டிருப்பார்கள். அதனால் ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்தும், அதிக இறுக்கத்திலும் இருக்க வேண்டும். என் கம்பி வலப்பக்கத்தில் அறுந்ததற்கு அதுவும் காரணம். இப்போது ஒரே பல்தானே? வலப்பக்க வளையத்தில் ஒரு பகுதியை இடப்பக்கம் மாற்றிவிட்டால் ஹப் வலது பக்கம் நகரும். இரண்டு பக்கக் கம்பிகளும் கிட்டத்தட்ட சமமாக நிற்கும். சக்கரம் பலமாகும், பின் பல்லும் முன் பல்லுக்கு நேராக வரும். சீட் குழாயின் நடுவிலிருந்து முன் பல் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ, சக்கரத்தின் நடுவிலிருந்து பின் பல்லும் அத்தனை இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் செயின் கழன்று விழும்.

ஹப்பின் மொத்த அகலம் ஃப்ரேமின் இடைவெளிக்குச் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் வளையம் சேருங்கள். ஃப்ரேமை நெருக்கி முறுக்காதீர்கள். எனக்கு 4 மி.மீ.க்கு ஒரு வளையம் தேவைப்பட்டது. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஒரு வளையம் கிடைக்கவில்லை என்று சொன்னால் ஊரே சிரிக்கும்.

கம்பியின் நீளம்

கம்பி நீளம் தவறினால் எல்லாம் வீண். ஒன்றிரண்டு மி.மீ. வரைதான் சமாளிக்கலாம். அதனால் அளந்து வாங்க வேண்டும்.

பழைய கம்பி இரண்டை எடுத்து, மரை இருக்கும் முனையிலிருந்து சரியாக 200 மி.மீ. விட்டு வெட்டுங்கள். இரண்டிலும் நிப்பிள் திருகி, கம்பியின் முனை நிப்பிளின் திருப்புளிப் பள்ளத்துக்குச் சமமாக வரும்போது நிறுத்துங்கள். ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளில் இவற்றை மாட்டி, இழுத்துப் பிடித்து, வெட்டிய முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளங்கள். அதோடு 400-ஐக் கூட்டினால் ரிம்மின் பயன் விட்டம். என் ரிம்முக்கு இடைவெளி 202, ஆகவே 602 மி.மீ. வந்தது. அதில் பாதி 301.

ஹப்பில் கம்பி ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 45, பாதி 22.5. ஹப்பின் நடுவிலிருந்து அந்தத் தட்டு 34 மி.மீ. தள்ளி இருக்கிறது. 36 கம்பி, ஒவ்வொன்றும் மூன்று கம்பியைத் தாண்டும் பின்னல் என்றால் கணக்கு எளிது. 301-இன் வர்க்கம், 22.5-இன் வர்க்கம், 34-இன் வர்க்கம் மூன்றையும் கூட்டுங்கள். அதிலிருந்து 301-ஐயும் 22.5-ஐயும் பெருக்கி வருவதைக் கழியுங்கள். வர்க்கமூலம் எடுங்கள். கம்பி ஓட்டையின் பாதி அளவு, சுமார் 1.2, கழியுங்கள். விடை 291 மி.மீ. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடுவார்கள். தட்டின் தூரம் 34-க்குப் பதில் 30 ஆனாலும் நீளம் அரை மி.மீ.தான் மாறும். ஆனால் ரிம் அளவில் தவறினால் தப்பவே முடியாது. அதனால் ரிம்மை மட்டும் இரண்டு தடவை அளங்கள்.

கம்பி 14 கேஜ், அதாவது 2 மி.மீ., ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பின்னுவதும் இறுக்குவதும்

தட்டுக்கு 18 கம்பி, அதில் 9 உள்ளிருந்து வெளியே, 9 வெளியிலிருந்து உள்ளே. முதல் கம்பியை வால்வு ஓட்டைக்குப் பக்கத்து ஓட்டையில் மாட்டுங்கள். அதிலிருந்து தட்டில் ஒன்று விட்டு ஒன்று, ரிம்மில் ஒவ்வொரு நான்காவது ஓட்டை. ஒரு பக்கம் 9 முடிந்ததும் மறுபக்கம் 9. பிறகு ஹப்பைக் கையால் திருப்பினால் கம்பிகள் சாயும். மீதிக் கம்பிகளை எதிர்த்திசையில் சாய்த்து, முதல் இரண்டு கம்பிக்கு மேலாகவும் மூன்றாவதுக்கு அடியாகவும் கொண்டுபோய் மாட்டுங்கள். கூடை முடைவதைப் பார்த்திருந்தால் இது புரிந்துவிடும். பக்கத்தில் ஒரு நல்ல சக்கரத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள். நான் இரண்டு தடவை பிரித்துக் கட்டினேன்.

மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எல்லா நிப்பிளையும் மரை மறையும் வரை ஒரே அளவு திருகுங்கள். பிறகு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து சக்கரத்தை மாட்டுங்கள். கோட்டம் எடுக்கத் தனி ஸ்டாண்டு வேண்டாம். பிரேக் கட்டையே அளவுகோல். ரிம் இடப்பக்கம் உரசினால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்குங்கள், இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரே இடத்தில் முழுச் சுற்று சுற்றாதீர்கள். டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் வலமாகச் சுற்றினால் இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே இடமாகத் தெரியும். இந்தக் குழப்பத்தில்தான் புதியவர்கள் எல்லோரும் தவறுகிறார்கள்.

இறுக்கம் சமமா என்பதைக் காது சொல்லும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டுங்கள், வீணைக் கம்பி மாதிரி. ஒன்று மட்டும் மொத்தையாகக் கேட்டால் அது தளர்வு. ரிம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். இரண்டு விதத்திலும் ஒரே இடத்தில் நின்றால் சரி.

கடைசியாக, கையுறை போட்டுக்கொண்டு, ஒரே பக்கத்தில் இணையாகப் போகும் இரண்டிரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பலமாக அமுக்குங்கள். டிக் டிக் என்று சத்தம் வரும். முறுகியிருந்த கம்பிகள் இடத்தில் உட்காரும் சத்தம் அது. மறுபடி கோட்டம் பாருங்கள். சத்தம் நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். முடிந்ததும் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு, நான்கு இடத்தில் கால் கால் சுற்றுத் திருப்பினார். “இது ஓடுமுங்க” என்றார்.

பிரேக் விஷயம்

இளைஞர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஃப்ரீவீல் இல்லாமல், பெடல் நின்றால் சக்கரமும் நிற்கிற ஃபிக்ஸட் வண்டியை பிரேக் இல்லாமல் ஓட்டுகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீவீல் மாட்டும் சாதாரண ஹப்பில் ஃபிக்ஸட் பல்லைத் திருகினால், பின்னால் அழுத்தும்போது அது மரையிலிருந்து கழன்று வரும். அதைத் தடுக்கும் எதிர்மரை வளையம் அந்த ஹப்பில் கிடையாது. நம் ரோட்டில் குறுக்கே நாய் வரும், ஆட்டோ வரும், குழந்தை வரும். ஃப்ரீவீல் போடுங்கள். முன்னும் பின்னும் இரண்டு பிரேக், புதுக் கட்டை, புது கேபிள். இதைக் குறைத்து யாரும் சைக்கிள் எடுக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

காற்றுக்கு ஏற்ற பல்

என் வண்டியின் முன்னால் இருந்த இரண்டில் பெரியதைக் கழற்றிவிட்டு 42 பல்லை வைத்துக்கொண்டேன். பின்னால் 18 பல் ஃப்ரீவீல். ஒரு முறை மிதித்தால் சுமார் 5 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 75 மிதி என்றால் மணிக்கு 22 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பின்னால் 16 பல் போட்டால் சுமார் 5.6 மீட்டர். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆடி மாதம் ஆலாந்துறைப் பக்கம் மிதிக்கும்போது முழங்கால் அழும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 18 அல்லது அதற்கு மேல். திரும்பி வரும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். ஃப்ரீவீல் பல் அகலமாக இருந்தால் செயினும் அகலமான ஒற்றை கியர் செயினாக, எட்டில் ஒரு அங்குலமாக வாங்குங்கள். பழைய கியர் செயின் ஒல்லி, அதில் உட்காராது.

செலவுக் கணக்கு

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

அலாய் ரிம் இரண்டு: 1,500
கம்பி, நிப்பிளோடு 76 (நான்கு உபரி): 532
ஃப்ரீவீல்: 150
செயின்: 180
ரிம் டேப் இரண்டு: 60
டயர் இரண்டு: 900
டியூப் இரண்டு: 300
கோன், குண்டு, கிரீஸ்: 160
பிரேக் கட்டை நான்கு: 120
பிரேக் கேபிள் இரண்டு: 100
லேத் வேலை: 100
பெரியவருக்கு, சொல்லிக் கொடுத்ததற்கும் சேர்த்து: 600

மொத்தம் 4,702 ரூபாய். இதில் முதல் தடவை நான் மிச்சம் பிடித்தது அந்த 532 ரூபாயைத்தான்.

உங்கள் ரிம் நன்றாக இருந்தால் 1,500 அப்படியே மிச்சம். டயர் நன்றாக இருந்தால் இன்னும் 900. கம்பி, பிரேக் இரண்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கீழ்த்தளத்துக்கு வருகிறேன்

31 சைக்கிளில் என்னுடையது போக 30. பெரியவரை ஒரு நாள் அழைத்து வந்து காட்டினேன். ஒன்பது சைக்கிளில் ஃப்ரேமே போய்விட்டது, அவை எடைக்குத்தான். மீதி 21 நிற்பதற்குக் காரணம் சக்கரமோ டயரோ கியரோதான். ஃப்ரேம் போன ஒன்பதிலிருந்தே நல்ல ஹப்பும் சில ரிம்மும் கிடைக்கும்.

இன்னொன்றும் எண்ணிப் பார்த்தேன். நம் துப்புரவுப் பணிக்கு வரும் அக்காக்களில் மூன்று பேர் காலை ஆறரை ஷிஃப்டுக்கு வீரகேரளம் பக்கமிருந்து நடந்து வருகிறார்கள். இரவுக் காவலர் ஒருவர் கல்வீரம்பாளையத்திலிருந்து. ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு பஸ் இல்லை என்று அவரும் நடைதான். அவர்களிடம் கேட்டேன். மூன்று அக்காக்களில் இரண்டு பேருக்கு ஓட்டத் தெரியும், பள்ளியில் கொடுத்த சைக்கிளில் பழகியது. மூன்றாமவர் “கத்துக்கறனுங்க” என்றார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நாம் போட்ட தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டாம். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சைக்கிள் உங்களுடையது என்றால் இந்த வாரத்துக்குள் கைப்பிடியில் வீட்டு எண் எழுதி ஒரு சீட்டு கட்டுங்கள். உங்களுக்கு வேண்டாம், கொடுத்துவிடலாம் என்றால் சீட்டில் ‘கொடுக்கலாம்’ என்று எழுதுங்கள். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு முதல் பத்து வரை நான் கீழ்த்தளத்தில் இருப்பேன். பெரியவரும் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கூலியைச் சங்கம் கொடுத்தால் மரியாதையாக இருக்கும். முதல் நான்கு சைக்கிள் அந்த நான்கு பேருக்கு. கம்பியும் பிரேக் கட்டையும் புதிது வாங்க ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ரிம், டயருக்கு யாராவது முன்வந்தால் நல்லது.

உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். கம்பி நீளக் கணக்குப் போட ஆள் வேண்டும். நிப்பிள் திருகச் சின்ன விரல்தான் சௌகரியம். பழைய துணி, கையுறை, வீட்டில் இருக்கும் ஸ்பேனர் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். இரண்டு ஞாயிறு முடிந்து மீதி இருப்பதை இரும்புக்குப் போடலாம். அப்போதும் நான் கை தூக்குவேன்.